ட்ரைக்கில் காலுக்கு இடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகள் இரண்டு சக்கர வண்டி ஓட்டிவிட்டு மூன்று சக்கர மோட்டார் சைக்கிளுக்கு, அதாவது ட்ரைக்குக்கு மாறுகிறவர்கள், பழைய வண்டியின் கணக்கையே இதற்கும் போடுகிறார்கள். சீட் தாழ்வாக இருக்க வேண்டும், நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்பது அந்தக் கணக்கு. ட்ரைக் கால் ஊன்றாமலேயே விழாமல் நிற்கிற வண்டி. அதில் காலுக்குத் தரை தேவையே இல்லை. முழங்கால் வலி, பாதம் மரத்துப்போதல், இடுப்புக் கடுப்பு என்று வரும் தொல்லைகளில் பலவும், அவற்றைத் தீர்க்கப்போய் வரும் புதுத் தொல்லைகளும், இந்த ஒரு விஷயத்தை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

யமஹா நிகென், பியாஜியோ எம்பி3 போன்றவை மூன்று சக்கரம் இருந்தாலும் வளைவில் சாய்பவை. அவற்றுக்கு இரண்டு சக்கர வண்டியின் விதிகளே பெரும்பாலும் பொருந்தும். இங்கே சொல்வது சாயாத ட்ரைக்குகளைப் பற்றி: முன்னால் இரண்டு சக்கரம் உள்ளவை, பின்னால் இரண்டு சக்கரம் உள்ளவை இரண்டுக்கும்.

அளக்காமல் பாகம் வாங்குவது

கால் மடங்கிக் கிடக்கிறது என்றதும், ஃபுட்பெக்கை (பாதம் வைக்கும் கட்டையை, சுருக்கமாகப் பெக்கை) முன்னே தள்ளும் நீட்டிப்பு பிராக்கெட்டோ, கால் நீட்டி வைக்கும் ஹைவே பெக்கோ வாங்கிவிடுகிறார்கள். முதலில் வேண்டியது அளவு. வழக்கமாகப் போடும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சீட்டில் இயல்பாக உட்காருங்கள். பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் கேமராவை வைத்து ஒருவரைப் படமெடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் படத்தில் கோடு போட்டு இணைத்தால் முழங்கால் கோணம் தெரிந்துவிடும். 90 டிகிரிக்குக் கீழே இருந்தால் நீண்ட ஓட்டத்தில் வலி நிச்சயம். 100 முதல் 120 டிகிரி வரை இருந்தால் பெரும்பாலோருக்குச் சுகமாக இருக்கும். 140-ஐத் தாண்டினால் கால் நீண்டுவிடும், ஆனால் பெடலை மிதிக்கப் பலம் இருக்காது.

எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதும் இதிலிருந்தே வந்துவிடும். தொடையும் கெண்டைக்காலும் தலா 45 செ.மீ. உள்ள ஒருவருக்கு, இடுப்புக்கும் கணுக்காலுக்கும் இடையே 5 செ.மீ. கூடினாலே முழங்கால் ஏறக்குறைய 10 டிகிரி விரியும். ஆகவே 15 செ.மீ. முன்னே தள்ளும் பிராக்கெட் எல்லோருக்கும் தேவைப்படாது.

வண்டியோடு வந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதும் உண்டு. கேன்-ஆம் ஸ்பைடர் எஃப்3-யில் ஃபுட்பெக்கை 5 நிலைகளில் மாற்றிப் பொருத்தலாம். அதே நிறுவனத்தின் ரைக்கரில் ஸ்பேனர்கூட வேண்டாம், கையாலேயே பெக்கையும் ஹேண்டில்பாரையும் நகர்த்தலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு வெளிப் பாகங்களைத் தேடுங்கள்.

பெக்கை மட்டும் நகர்த்துவது, சீட்டை மறப்பது

காலுக்கு இடம் தருவதில் சீட்டுக்குப் பாதிப் பங்கு உண்டு. ட்ரைக்கில் சீட்டை உயர்த்தினால் தரை எட்டாதே என்ற கவலை கிடையாது. வண்டியில் ஏறி இறங்க முடிகிற வரை உயர்த்தலாம். சீட்டை 3 செ.மீ. உயர்த்தி, பெக்கை 3 செ.மீ. முன்னே தள்ளினால் மொத்தத்தில் 4 செ.மீ. அளவுக்கு நீளம் கிடைக்கும். இரண்டுமே சிறிய மாற்றம் என்பதால் பிரேக்கும் கியரும் காலுக்கு எட்டாமல் போகாது.

உயர்த்துவதற்கு மெத்தென்ற ஸ்பாஞ்சை மேலே ஒட்டுவதில் பலனில்லை. அரை மணி நேரத்தில் அது அமுங்கி, உயர்த்திய உயரம் காணாமல் போகும். அடியில் கெட்டியான ஃபோம், மேலே 2 செ.மீ. அளவுக்கு மென்மையான அடுக்கு என்பதே சரி. சீட்டின் முன் விளிம்பைக் கவனியுங்கள். கால் முன்னே நீளும்போது தொடையின் அடிப்பக்கம் அந்த விளிம்பில் அழுந்தும். அங்கே நரம்பும் ரத்த ஓட்டமும் நெருக்கப்படுவதால் மரத்துப்போவது பாதம்தான். பாதம் மரக்கிறது என்று புதுப் பூட்ஸ், புது ரப்பர் பெக் என்று மாற்றிக்கொண்டே போகிறவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்: உட்கார்ந்தபடி தொடைக்கும் சீட்டின் முன் விளிம்புக்கும் நடுவே உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்துப் பாருங்கள். கை இறுகி மாட்டிக்கொண்டால் கோளாறு பெக்கில் இல்லை. அந்த விளிம்பைச் சரிவாகச் சீவினாலே பாதி குறையும்.

கால் முன்னே போகப் போக இடுப்பு பின்பக்கமாகச் சுருண்டு, உடல் எடை முழுக்க வால் எலும்பில் இறங்கும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் முன்னே தள்ளினால் இடுப்பைத் தாங்கும் சாய்மானமும் சேர்த்தே வேண்டும். சீட்டைப் பின்னே நகர்த்தினால் ஹேண்டில்பார் தூரமாகிவிடும். நேராகப் பிடித்துப் பார்ப்பது போதாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, விலகிப்போகும் கைப்பிடியை முதுகு சாய்மானத்தை விடாமல் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் குறுகலான திருப்பத்தில் உடம்பே இழுபடும்.

பிரேக் பெடலை இருந்த இடத்திலேயே விடுவது

இந்தப் பட்டியலில் மிக ஆபத்தான தவறு இதுதான். ஸ்பைடர் போன்ற வண்டிகளில் கை பிரேக் லீவர் கிடையாது. மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து வலது காலுக்கு ஒரே ஒரு பெடல்தான். பெக் 5 செ.மீ. முன்னே போய், பெடல் பழைய இடத்திலேயே இருந்தால், கால் பெடலைத் தாண்டி நிற்கும். பிரேக் பிடிக்க ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கிப் பின்னே இழுக்க வேண்டும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் போகும். பெடலைத் தேடுவதில் அரை நொடி போனால் 12 மீட்டருக்கு மேல் பிரேக் இல்லாத ஓட்டம்.

குதிகால் பெக்கிலோ ஃபுட்போர்டிலோ (பாதம் முழுக்க வைக்கும் பலகையிலோ) ஊன்றியிருக்க, கணுக்காலை மட்டும் அசைத்து முன்பாதத்தால் பெடலை அழுத்த முடிய வேண்டும். ஓய்வு நிலையில் பூட்ஸுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி இருக்கட்டும். இதற்குப் பெடல் நீட்டிப்புகள் கிடைக்கின்றன. அதிலும் ஒரு தவறு நடக்கிறது. பெடல் மேல் தடித்த பட்டை ஒன்றை மாட்டிவிட்டு உயரத்தைச் சரிசெய்யாமல் விடுவார்கள். பாதம் நம்மையறியாமல் அதன் மேலேயே கிடக்கும். பிரேக் லைட் அணையாமல் எரியும், வேகத்தைச் சீராக வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் தானாக விலகும், பிரேக் பேட் உரசிச் சூடாகும்.

உயரத்தைச் சரிசெய்ய, பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராட் என்ற கம்பியைத் திருகுகிறவர்கள், பெடலில் கையேடு சொல்லும் வெற்று அசைவு மிஞ்சியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கையால் பெடலை மெல்ல அழுத்தினால், முதலில் கனமில்லாத ஒரு சிறு அசைவு தெரியும், அதன் பிறகுதான் எதிர்ப்பு வரும். அந்த முதல் அசைவு இல்லையென்றால் பிஸ்டன் முழுமையாகத் திரும்பவில்லை என்று பொருள். ஓட ஓட எண்ணெய் சூடாகி விரியும், திரும்பிப்போக வழி அடைபட்டிருப்பதால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். வேலை முடித்ததும் பின்னால் ஒருவரை நிறுத்தி, பெடலைத் தொட்டால் லைட் எரிகிறதா, விட்டால் அணைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிரேக்கில் கைவைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இடது பக்கம் இவ்வளவு சிக்கல் இல்லை. கியர் லீவரின் பல் உள்ள தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே முனை பெரிதாக நகர்ந்துவிடும். நுணுக்கமாக வேண்டுமானால் இணைப்புக் கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியைச் சுழற்றுங்கள். பூட்ஸ் நுனி லீவருக்கு அடியில் உராயாமல் நுழைய வேண்டும். ஃபுட்போர்டு வண்டிகளில் முன்பாதம், குதிகால் இரண்டுக்கும் லீவர் இருக்கும். குதிகால் லீவரைக் கழற்றினால் இடது பாதம் பின்னே நகர நல்ல இடம் கிடைக்கும். பெரிய செலவில்லாத மாற்றம் இது. கழற்றிய இடத்தில் அதே கனத்துக்கு ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் வளையம்) போடாவிட்டால் முன் லீவர் தண்டில் ஆடத் தொடங்கும், பற்கள் தேயும்.

ஹைவே பெக்கை முழுநேர இருப்பிடமாக்குவது

எஞ்சினைக் காக்கும் குழாயான எஞ்சின் கார்டில் மாட்டும் ஹைவே பெக், நேரான திறந்த சாலையில் கால் நீட்டி ரத்தம் ஓட விடுவதற்கு. நெரிசலில், வளைவில், ஈரச் சாலையில் அதற்கு வேலை இல்லை. காரணம் பிரேக் மட்டுமல்ல. ட்ரைக் சாயாததால் வளைவில் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். அந்தத் தள்ளலை வெளிப்பக்கக் காலைப் பெக்கில் ஊன்றித்தான் தாங்க வேண்டும். கால் முன்னே நீண்டு கிடந்தால் ஊன்ற வழியில்லை, கை ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கும். தோள் வலிக்கும், அதைவிட மோசம், அந்த இழுப்பே ஸ்டீயரிங்கைத் திருப்பும். வளைவில் வண்டி அலைபாய்கிறது என்பவர்கள் கால் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பெக்கைக் குழாயில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் அளவிலும் கவனம் வேண்டும். கார்டு குழாய்கள் 25.4 மி.மீ., 31.75 மி.மீ. என்று வெவ்வேறு விட்டத்தில் வரும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெரிய கிளாம்பை வாங்கி ரப்பர் துண்டைச் சுற்றி இறுக்கினால், ரப்பர் நசுங்க நசுங்கப் பிடி தளர்ந்து பெக் கீழே சுழலும். மாட்டியபின் வண்டியை நிறுத்தி வைத்து உடல் எடையை ஊன்றி மிதித்துப் பாருங்கள். குதிகால் நழுவாமல் தடுக்கும் விளிம்பு உள்ள பெக்கே நல்லது. பின்னால் இரண்டு சக்கரம் உள்ள ட்ரைக்கில் கால் நழுவித் தரையில் பட்டால், பின்னே இழுபட்டு நேராகச் சக்கரத்துக்கு அடியில்தான் போகும்.

பழக்கத்தில் கால் ஊன்றுவதும் இதே ஆபத்து. நிற்கப்போகும்போது கால் தானாகத் தரைக்குப் போகும், வண்டியோ இன்னும் உருண்டுகொண்டிருக்கும். நடக்கும் வேகத்தில்கூடப் பின் சக்கரம் பாதத்தில் ஏறும். பெக்குக்குப் பதில் அகலமான ஃபுட்போர்டு போடுவது இதற்கும் உதவும்: கால் தங்க இடம் இருந்தால் தரையைத் தேடாது. பின்சீட்டுக்காரரிடமும் இதைப் புறப்படுமுன் சொல்லிவிடுங்கள். உங்கள் சீட் பின்னே போன அளவுக்கு அவருடைய முழங்கால் இடம் குறைந்திருக்கும் என்பதையும் பாருங்கள்.

கிடைத்த போல்ட்டைப் போடுவது

பிராக்கெட் நீள நீள, அதே எடை போல்ட்டில் தரும் நெம்புகோல் விசை கூடும். பழைய போல்ட் புதுப் பிராக்கெட்டின் கனத்தால் உள்ளே குறைவாகவே இறங்கும். எஃகில் குறைந்தது போல்ட் விட்டத்தின் அளவுக்கும், அலுமினியத்தில் ஒன்றரை மடங்குக்கும் மரை பிடித்திருக்க வேண்டும். அதாவது எம்8 போல்ட் (8 மி.மீ. விட்டமுள்ளது) அலுமினியத்தில் 12 மி.மீ. இறங்க வேண்டும். 8.8 வலிமைத் தரமுள்ள எம்8-ஐ இறுக்க 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 50 என்பது எஃகுக்குப் பொதுவான அளவு. அலுமினியத்துக்கு இதைப் போட்டு இறுக்கினால் மரை பிய்ந்துவிடலாம், அங்கே கையேட்டின் அளவுதான் கணக்கு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, மரை தளராமல் பிடிக்கும், ஆனால் கழற்ற முடிகிற நீல நிறத் திரெட் லாக்கர் பசை ஒரு சொட்டு விடுங்கள். முதல் 100 கி.மீ.க்குப் பிறகு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்க வேண்டும்.

தாழ்த்திய பெக் வளைவில் உரசாது, சரி. வேகத்தடையிலும் நடைபாதை விளிம்பிலும் இடிக்கும். இருவர் ஏறி, சாமான் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் அளந்து, பெக்கின் அடி வண்டியின் அடிப்பகுதியைவிடத் தாழாமல் பாருங்கள். இடித்தால் மடங்கும் பெக் போடுங்கள். மடங்காத பெக் இடித்தால் முறிவது பிராக்கெட், அல்லது கணுக்கால்.

வெப்பத்தைத் தவறான இடத்தில் அடைப்பது

பெக்கை நகர்த்தியபின் பாதம் சைலன்சர் குழாய்க்கு அருகே வந்துவிடலாம். பூட்ஸ் அடியில் பளபளவென்று உருகிய கோடு தெரிந்தால் அதுதான் அடையாளம். குழாயையே நாடா போட்டுச் சுற்றுவது எளிதாகத் தோன்றும், ஆனால் ஈரம் உள்ளே தங்கித் துரு பிடிக்கும். குழாய்க்கும் காலுக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல் ஒரு உலோகத் தகட்டை, ஒரு சென்டிமீட்டராவது காற்று இடைவெளி விட்டு நிறுத்துவது மேல். வண்டியின் பக்கவாட்டுப் பேனலின் உட்பக்கம் வெப்பம் திருப்பும் தாள் ஒட்டலாம். ரேடியேட்டர் காற்று வெளியேறும் வழியை மட்டும் அடைக்காதீர்கள். கால் குளிரும், எஞ்சின் கொதிக்கும்.

எல்லாம் மாட்டியபின் வாகனமில்லாத இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் ஓட்டி, பத்து முறை திடீரென்று பிரேக் பிடித்துப் பாருங்கள். கீழே குனிந்து பார்க்கக் கூடாது. பத்தில் ஒருமுறை கால் பெடலைத் தேடினாலும், பெடல் இன்னும் அதற்குரிய இடத்துக்கு வரவில்லை.