நடுத்தர விலையில் பைனாகுலர் வாங்குவோருக்கு

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் செப்டம்பர் முதல் மார்ச் வரை வந்து தங்கும் வலசைப் பறவைகளைக் காண, 300 முதல் 600 வெள்ளிக்குள் பைனாகுலர் வாங்க விரும்புவோர் உருப்பெருக்க எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 10x42 என்றால் 10 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன்லென்ஸும்; அவ்வகையில் கை நடுக்கமும் சேர்ந்தே பெருகும். 8x42 வகையில் காட்சிப் பரப்பு பெரும்பாலும் அகலமாக இருப்பதோடு, 42-ஐ 8-ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.25 மில்லிமீட்டர் ஒளிவட்டம் (கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம்) அதிகாலை மங்கலிலும் உதவும் என்பதால், என் தேர்வு எப்போதும் அதுவே.

கடையிலேயே ஒன்றைச் சோதியுங்கள். பைனாகுலரைக் கையெட்டும் தூரத்தில் நீட்டி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிப்புள்ளியைக் கவனியுங்கள்: அது முழு வட்டமாக இருந்தால் நல்லது, ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சாம்பல் நிழலோடு தெரிந்தால், உள்ளிருந்து ஒளியைத் திருப்பும் பட்டகம் (prism) பெரும்பாலும் தரம் குறைந்தது.

மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்குக் கண் இடைவெளி (eye relief, அதாவது முழுக் காட்சியும் தெரிய, கண் வைக்கும் லென்ஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம்) குறைந்தது 15 மில்லிமீட்டராவது தேவை. நைட்ரஜன் நிரப்பி நீர்புகாமல் அடைக்கப்பட்டதையே வாங்குங்கள். குளிர்சாதன அறையிலிருந்து புழுக்கத்துக்கு வரும்போது வெளிக்கண்ணாடியில் பனி படர்ந்தாலும், உள்ளே படராது. நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். ஆகவே வீட்டில் ஈரம் நீக்கும் பெட்டியில் வையுங்கள்.