வலி மருந்தும் எலும்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரமடால், மார்ஃபின், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் எல்லாம் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மருந்துகள். (பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் இந்தக் கூட்டத்தில் சேராது.) இவற்றை மாதக்கணக்கில் எடுப்பவரிடம் மலச்சிக்கல் உண்டா என்று கேட்பார்கள். ஹார்மோன் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

பெரிய தவறு, ஹார்மோன் குறைவால் வரும் தொல்லைகளை எல்லாம் வயசின் மேல் போட்டுவிடுவது. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அவ்வப்போது தூண்டிக்கொண்டே இருக்க வேண்டும்; அப்போதுதான் பாலியல் ஹார்மோன்கள் சரியாகச் சுரக்கும். ஓபியாய்டு அந்தத் தூண்டலை அமுக்கிவிடுகிறது. விளைவு, ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். உடலுறவில் ஆசை குறைவது, ஓயாத அசதி, தசை கரைவது, மனச்சோர்வு என்று தொடரும். நாற்பது வயதுக்காரர் இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவார். வலியில் கிடக்கும்போது இதெல்லாம் ஒரு குறையா என்று நினைப்பார். குறைதான், சொல்லுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 2016-இல் பாலியல் ஹார்மோன் குறைவையும் அட்ரினல் சுரப்பி மந்தமாவதையும் ஓபியாய்டுகளுக்கான எச்சரிக்கையில் சேர்த்தது.

மாதவிலக்கு நின்றதால் கர்ப்பம் தரிக்காது என்று நம்புவதும் தவறு.

டெஸ்டோஸ்டிரோனைச் சாயங்காலம் ஒரே ஒரு முறை பார்த்து முடிவு கட்டக் கூடாது. காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்க்க வேண்டும். குறைவு என்றதும் தானாக ஊசி போட்டுக்கொள்வது இன்னொரு வம்பு: அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடலாம். குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எலும்புக்கு வருவோம். "கால்சியம் மாத்திரை போடுகிறேனே" என்பது வழக்கமான பதில். பாலியல் ஹார்மோன் குறைந்தால் எலும்பு கரையும் வேகம் கூடும். அந்தக் கசிவைக் கால்சியம் மட்டும் அடைக்காது. போதாததற்கு மருந்தின் மயக்கத்தில் ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா, வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ஒரு விளக்கும் எரியட்டும்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை இன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும், பழைய வலியும் இரட்டிப்பாகத் திரும்பலாம். டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். இல்லாவிட்டால் ஹார்மோனை அவ்வளவாக அமுக்காத ப்யூப்ரினார்ஃபின் என்ற வேறொரு ஓபியாய்டுக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார்.