இரண்டு பிளைவுட் பலகையில் ஒரு சிறு படகு: தைத்து ஒட்டும் முறை

பலகையின் ஓரங்களில் துளையிட்டு, கம்பியால் தைத்து, மூலைகளை எபாக்சிப் பசையாலும் கண்ணாடி இழை நாடாவாலும் இறுக்கி, பிறகு கம்பியை உருவிவிடுவதுதான் இந்த முறை. சோழமண்டலக் கரைக்குத் தையல் புதிதல்ல. அலை மோதும்போது வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் இங்கே ஓடியிருக்கின்றன. 1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்திலும் தென்கேரளக் கரையிலும் பிளைவுட் வள்ளங்களை இப்படித் தைத்து ஒட்டிக் கட்டினார்கள். நாம் கட்டப்போவது அவற்றைவிட மிகச் சிறியது: ஏறக்குறைய 4.75 மீட்டர் நீளம், மேல் அகலம் 73 செ.மீ., எடை 30 கிலோவை ஒட்டி. ஏரிக்கும் அமைதியான கழிமுகத்துக்கும் உரியது. கடல் அலையில் இறக்கக் கூடாது.

வாங்க வேண்டியவை

6 மி.மீ. மரைன் பிளைவுட், 8×4 அடியில் 2 பலகை. மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். மேல் இழை 8 அடிப் பக்கமாக ஓட வேண்டும். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை 4 மணி நேரம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடியும் 4 மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். வெட்டிய ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலும் வேண்டாம், அங்கேதான் தண்ணீர் புகுந்து அழுகல் தொடங்கும்.

எபாக்சி ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர் இரண்டும் சேர்த்து 5 கிலோ. 75 மி.மீ. அகல நெய்த கிளாஸ் டேப் 30 மீட்டர். அடிப்பகுதியைப் போர்த்த 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கிளாஸ் துணி 5 மீட்டர். 1.2 மி.மீ. செம்புக் கம்பி 20 மீட்டர். 20×20 மி.மீ. தேக்கு ரீப்பர், 5 மீட்டர் நீளத்தில் 2. மாவாகச் சலித்த மரத்தூள் ஒரு டப்பா.

ஃபைபர் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் மரத்தை நெடுநாள் பிடித்திருக்காது; ஈரம் ஏற ஏற உரிந்து வரும். அங்கேயே விற்கும் இழைப் பாயும் (மேட்) எபாக்சிக்குச் சரிப்படாது. அதன் இழைகளைப் பிணைக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைய வேண்டியது, எபாக்சியில் அது சரியாகக் கரையாது. நெய்த துணியே வாங்குங்கள்.

வெட்டும் சரிவு ஒட்டும்

ஒவ்வொரு பலகையிலும் நீளவாக்கில் 30 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள், அவை படகின் பக்கங்கள். மீதி ஏறக்குறைய 61 செ.மீ. இருக்கும், அது அடிப்பலகை.

பட்டைகளை இரண்டிரண்டாக நீளத்தில் இணைக்க வேண்டும். முனையோடு முனை வைத்துப் பின்னால் துண்டு ஒட்டினால் அந்த இடம் மட்டும் விறைத்து நின்று, படகின் வளைவு உடைந்து தெரியும். இரு முனைகளையும் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படிய ஒட்டும் சரிவு ஒட்டே நல்லது. தடிமனைப்போல் 8 மடங்கு, அதாவது 48 மி.மீ. நீளத்துக்குச் சரிவு சீவ வேண்டும். நான்கு பட்டைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் 48 மி.மீ. பின்தள்ளி, படிக்கட்டுபோல அடுக்கி இறுக்குங்கள். கூரான இழைப்புளியால் படிகள் மறைந்து ஒரே சரிவாகும்வரை சீவுங்கள். பிளைவுட்டின் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். கோடுகள் நேராகவும் ஒரே அகலத்திலும் இருந்தால் சரிவும் சரி. அடிப்பலகைத் துண்டுகளுக்கும் இதேதான்.

முதலில் இரு முகத்திலும் வெறும் எபாக்சி தடவி ஊறவிடுங்கள். பிறகு மரத்தூள் கலந்த எபாக்சி பூசி, பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். ஊறவிடாமல் ஒட்டினால் மரம் பசையைக் குடித்துவிடும், ஒட்டு வளைக்கும்போது விட்டுப்போகும். அழுத்தம் அளவோடு போதும். கிளாம்ப்பை முறுக்கித் தள்ளினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும்.

தையல்

பக்கப் பட்டைகளின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டுங்கள்: கீழ் ஓரம் மேல் ஓரத்தைவிட முனைக்கு 8 செ.மீ. குறைவாக இருக்கட்டும். ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, 15 செ.மீ.க்கு ஒரு 2 மி.மீ. துளை, முனைகளை நெருங்கும்போது 7 செ.மீ.க்கு ஒன்று.

படகின் நடுப்பகுதிக்கு வடிவம் தர, பழைய பலகையில் நடு அச்சு ஒன்று செய்யுங்கள். கீழ் அகலம் 58 செ.மீ., மேல் அகலம் 73 செ.மீ., உயரம் 29 செ.மீ. இரு பட்டைகளையும் ஒரு முனையில் தைத்து, நடுவில் அச்சைத் திருகாணியால் பிடித்து, மறுமுனையைக் கயிறு போட்டு முறுக்கி நெருக்கித் தையுங்கள். பக்கங்கள் வெளியே சாய்ந்திருப்பதால் கீழ் ஓரம் தானாகவே முனைகளில் ஏறும், சுமார் 7 செ.மீ. அந்த ஏற்றம்தான் படகைத் திருப்ப உதவும்.

இனி அடிப்பலகைக்கு வரைபடம் தேவையில்லை. கூட்டைக் கவிழ்த்து, அடிப்பலகையை மேலே வைத்து ஏற்றத்துக்கு ஏற்ப அமுக்கி, பக்கங்களை ஒட்டிப் பென்சிலால் கோடிழுங்கள். கோட்டுக்கு வெளியே 5 மி.மீ. விட்டு வெட்டித் தையுங்கள். பக்கங்களின் வடிவமே அடியின் வடிவத்தைத் தந்துவிடுவதால்தான் முதல் படகுக்கு இந்த அமைப்பைச் சொல்கிறோம்.

கம்பியை இறுக்குமுன் நிறுத்துங்கள். படகு கெடுவதென்றால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடும். இரு முனைகளுக்கு அருகிலும் நேரான குச்சி ஒவ்வொன்றைக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு குச்சிகளும் இணையாகத் தெரியவில்லை என்றால் படகு முறுக்கியிருக்கிறது. முனையிலிருந்து நடு அச்சின் இரு மேல் மூலைகளுக்கும் அளந்து பாருங்கள், 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. கம்பியாக இருக்கும்வரை தளர்த்தித் திருத்தலாம். எபாக்சி இறுகிய பிறகு முறுக்கு நிரந்தரம், அந்தப் படகு காலமெல்லாம் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

எபாக்சி வேலை

ஹார்டனர் விகிதம் டப்பாவில் போட்டிருக்கும். அது எடைக் கணக்கா கொள்ளளவுக் கணக்கா என்று பாருங்கள். எடை என்றால் சமையலறைத் தராசு வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் அது இறுகவே இறுகாது, பிசுபிசுப்பாக நிற்கும். ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் கிண்ணத்தில் குவிந்திருக்கும் எபாக்சி சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்புங்கள்.

பூச்சு வேலையை மாலையில் தொடங்குங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சு முழுக்கக் குமிழியாகும்.

கம்பிகளுக்கு நடுவே மரத்தூள் கலவையைப் பொட்டுப்பொட்டாக வையுங்கள். இறுகியதும் கம்பியை உருவுங்கள். வராத கம்பியைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கினால் வந்துவிடும். பிறகு உள்மூலை முழுக்கத் தேங்காய்த் துவையல் பதத்தில் கலவை வைத்து, கரண்டியின் முதுகால் 20 மி.மீ. ஆரத்துக்கு வழியுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே டேப்பை வைத்து, தூரிகையால் எபாக்சி ஊட்டுங்கள். உள்ளே இரண்டு அடுக்கு. வெள்ளையாகத் தெரியும் இடத்தில் காற்று இருக்கிறது, அங்கே பிடிப்பு இல்லை.

வெளியே மூலையை 5 மி.மீ.க்கு உருட்டித் தேயுங்கள், கூர் மூலையில் துணி படியாது. ஒரு அடுக்கு டேப், அதன்மேல் அடி முழுக்கத் துணி, பக்கங்களில் 5 செ.மீ. ஏறும்படி. ஈரப்பதமான நாளில் இறுகிய எபாக்சியின்மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். தண்ணீரும் நாரும் கொண்டு கழுவிய பிறகே தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலத்தை உள்ளே அமுக்குகிறீர்கள், அடுத்த பூச்சு உரியும்.

கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொடாதீர்கள். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க எபாக்சி பக்கமே போக முடியாமல் ஆகலாம். தோலில் பட்டதைத் தின்னரால் துடைக்கவே கூடாது. சோப்புத் தண்ணீர் போதும்.

மிச்ச வேலைகள்

ரீப்பரை மேல் ஓரத்துக்கு வெளியே ஒட்டுங்கள். 15 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் வேண்டும். அத்தனை இல்லையென்றால் 75 மி.மீ. பி.வி.சி. குழாயை 4 செ.மீ. வளையங்களாக அறுத்து, ஒரு பக்கம் கீறிவிடுங்கள், நல்ல கவ்வியாகும். நடு அச்சைக் கழற்றுமுன் குறுக்குச் சட்டம் ஒன்றைப் பொருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அகலம் மாறும்.

முனைகளில் 60 செ.மீ. உள்ளே தடுப்பு வைத்து, மேலே மூடிக் காற்றறை ஆக்குங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 லிட்டர் வரும். தண்ணீர் நிறைந்த படகு தானாக மிதந்தாலும் உங்களைத் தாங்காது. காற்றறை இருந்தால்தான் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். அறைக்குத் திருகு மூடி ஒன்று வையுங்கள். வெயிலில் நிற்கும்போது அதைத் திறந்துவிடாவிட்டால் விரியும் காற்று ஒட்டைப் பிளக்கும்.

வெயில் எபாக்சியைத் தின்னும், அதனால் பெயின்ட் மூன்று கோட் கட்டாயம்.

தண்ணீரில்

இடுப்பளவு ஆழத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு தொடங்குங்கள். இருக்கை அடியிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம். உயர உயரப் படகு ஆடும். ஆட்களும் சுமையும் சேர்ந்து 150 கிலோவைத் தாண்டக் கூடாது. ஏரி, அணைகளில் பொறுப்பிலிருப்பவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு இறக்குங்கள். முதல் நாள் வேண்டுமென்றே கவிழ்த்து, கரைக்கு இழுத்து வந்து, தண்ணீரை இறைத்துப் பழகுங்கள்.

துடுப்பு கைவந்த பிறகு பாய் கட்டலாம், 2 சதுர மீட்டருக்கு மிகாமல். தட்டை அடி காற்றில் பக்கவாட்டாக வழுக்கும். அதைத் தடுக்க 25 செ.மீ. அகல, 80 செ.மீ. நீளப் பக்கப்பலகை ஒன்றைக் குறுக்குச் சட்டத்தருகே தொங்கவிட வேண்டும். துடுப்பையே சுக்கானாகப் பிடிக்கலாம். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். கையில்தான் இருக்க வேண்டும், காற்று திடீரென்று அடித்தால் விட்டுவிடுவதற்கு.