ஸ்கோப் மாட்டுவதற்கு முன் ஏர் ரைபிளைச் சோதிப்பது எப்படி?

புது ஏர் ரைபிள் வாங்கும் பலர் அன்றைக்கே ஸ்கோப்பையும் (தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி) மாட்டிவிடுகிறார்கள். பிறகு பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சிதறினால் கோளாறு துப்பாக்கியிலா, பெல்லட்டிலா, ஸ்கோப்பிலா, பிடிக்கும் கையிலா என்று தெரியாமல் தவிக்க வேண்டியதுதான். முதலில் குழலின் மேல் கம்பெனி கொடுத்த குறி பார்க்கும் சைட்டிலேயே சுட்டுப் பார்த்துவிடுங்கள். கீழே உள்ளது குழலை மடக்கி லோடு செய்யும் 4.5 மி.மீ ஸ்பிரிங் ரைபிளுக்கானது, அதாவது ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை அழுத்திப் பெல்லட்டை அனுப்பும் வகை.

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். சைலன்சரை மட்டும் தொடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 2-வது பிரிவு, சத்தத்தைக் குறைக்கும் கருவியையும் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. காக்கா, புறாவை நோக்கியும் வேண்டாம்.

மொட்டை மாடியில் சுடக் கூடாது. சென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில், கைப்பிடிச் சுவரைத் தாண்டும் பெல்லட் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து நீள வீடுகளில் வாசலிலிருந்து பின்கட்டு வரை 10 மீட்டர் நேராகக் கிடைக்கலாம். இடையில் கதவு எதுவும் திறக்காதபடி தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கெட்டியான சுவரை ஒட்டி, பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியை வையுங்கள். ஓரடிக்கு ஓரடி மரப்பெட்டி, பின்பக்கம் 3 மி.மீ இரும்புத் தகடு, உள்ளே இறுக்கி அடைத்த பழைய துணி. வெறும் தகட்டில் சுட்டால் ஈயம் திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

புதுக் குழலுக்குள் பேக்கிங் கிரீஸ் இருக்கும். அதை எடுக்கக் காசிமேட்டில் கிடைக்கும் தடித்த தூண்டில் நரம்பு போதும். நரம்பை இரண்டாக மடித்து, மடிப்பு லோடு செய்யும் பக்கம் நிற்கும்படி குழலுக்குள் விடுங்கள். மடிப்பில் சின்னப் பருத்தித் துணியைச் செருகி வாய்ப்பக்கமாக இழுங்கள். முதல் துணி கறுப்பாக வரும். வெளுப்பாக வரும்வரை துணியை மாற்றுங்கள். இதைச் செய்யும்போது குழலை ஒரு கையால் பிடித்தே இருக்க வேண்டும். ஸ்பிரிங் விடுபட்டால் விரல் போய்விடும். உள்ளே எண்ணெய் விடவே வேண்டாம். அழுத்தத்தில் அது பற்றிக்கொண்டு 'படார்' என்று வெடிக்கும், பிஸ்டனில் காற்றைக் கசியவிடாமல் தடுக்கும் சீல் கருகும். கடல் காற்றுக்கு வெளிப்பக்கம் மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

முதல் 200 பெல்லட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். புகை வரும், சத்தம் மாறும், வேகம் ஏறி இறங்கும். பெல்லட் இல்லாமல் மட்டும் சுடாதீர்கள். எதிர்அழுத்தம் இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும். 50 சுட்டதும் ஸ்டாக் (துப்பாக்கிக் கட்டை) ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சிதறலுக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். குழல் மூடும் இடத்தின் மேல் ஒரு டிஷ்யூ துண்டை வைத்துச் சுடுங்கள். அது பறந்தால் ரப்பர் வளையத்தில் காற்று கசிகிறது.

வேகம் பார்க்க கருவி இல்லையென்றால் செல்போன் இருக்கிறது. குழல் வாய்க்கும் பெட்டிக்கும் சரியாக நடுவில், 5 மீட்டரில், சுடும் கோட்டுக்கு விலகி வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். இரண்டு சத்தமும் ஒரே தூரம் வருவதால், நடுவிலுள்ள இடைவெளியே பெல்லட் பறந்த நேரம். 0.060 வினாடி என்றால் சராசரி வேகம் நொடிக்கு 167 மீட்டர், 0.53 கிராம் பெல்லட்டுக்கு 7.4 ஜூல். அடுத்தடுத்த சுடுகளில் இது 0.003 வினாடிக்கு மேல் ஆடினால் சீலையோ ஸ்பிரிங்கையோ கடையில் காட்டுங்கள்.

அப்புறம்தான் குறி. பழைய ஜீன்ஸ் காலில் மணல் நிரப்பித் தைத்து, அதன்மேல் உள்ளங்கையை விரித்து, துப்பாக்கியைக் கையில் சும்மா கிடத்துங்கள். இறுக்கிப் பிடிப்பதுதான் தப்பு. பெல்லட் வெளியேறும் முன்பே பிஸ்டன் ஓடித் துப்பாக்கியை உதைக்கிறது. இறுக்கம் மாறினால் உதையும் மாறும். தட்டைத் தலை, உருண்டைத் தலை எனக் கலந்து 3 வகைப் பெல்லட், ஒவ்வொன்றிலும் 5 சுடு கொண்ட 4 அட்டை. தொலைவான இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புகளை அளந்து 4.5 மி.மீ கழியுங்கள். 15 மி.மீ-க்குள் வந்தால் நல்ல துப்பாக்கி. மேலும் கீழுமாகச் சிதறினால் வேகமோ பிடியோ சரியில்லை. பக்கவாட்டில் சிதறினால் குழல் மூட்டு ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள்.

அந்த அட்டைகளில் பெல்லட் பெயரையும் தேதியையும் எழுதி வைத்த பிறகே ஸ்கோப். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைப்பதால் ஏர் ரைபிளுக்கென்றே செய்த, 10 மீட்டரில் ஃபோகஸ் ஆகும் ஸ்கோப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட்டில், அது நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் (சின்ன முள்) இருக்க வேண்டும். மாட்டியதும் அதே பெல்லட், அதே மணல் மூட்டை, அதே 5 சுடு. பழைய அட்டையைவிடச் சிதறல் கூடினால் துப்பாக்கியைக் கழற்ற வேண்டாம், மவுண்ட் ஸ்க்ரூவிலிருந்து ஆரம்பியுங்கள்.