வயிற்றுக்குள் இரத்தக் கசிவு: வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்

உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றில் இரத்தம் கசியும்போது பலரும் செய்யும் தவறு, "வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பது. அல்சரில் இரத்தம் கசிந்தால் வலித்தே ஆக வேண்டும் என்பதில்லை. வலி மாத்திரையால் வந்த புண்ணில், முக்கியமாக வயதானவர்களுக்கு, முதல் அறிகுறியே இரத்தப்போக்காக இருக்கலாம்.

சிவப்பாக எதுவும் வரவில்லை என்று நிம்மதி அடைவதும் தவறுதான். அமிலம் பட்ட இரத்தம் நிறம் மாறி, காபித்தூள் கலந்ததுபோல வாந்தியாக வரும். குடல் வழியாக இறங்கினால் மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றத்துடன் போகும். இதற்கு 50 முதல் 100 மி.லி. இரத்தமே போதும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், உண்மை. ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் பொதுவாக இராது. சந்தேகம் இருந்தால் மாத்திரைமேல் பழிபோடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான்.

அங்கே எடுத்த முதல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கிளம்புபவர்களும் உண்டு. சிவப்பணுக்களும் திரவமும் சேர்ந்தே வெளியேறுவதால் முதல் சில மணி நேரம் அந்த எண் இறங்காமல் ஏமாற்றும். அப்போது நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும்தான் நம்ப வேண்டும்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் குடித்துவிட்டு வீட்டில் காத்திருப்பது வீண். பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) தேவை. அதிலேயே கிளிப் போட்டோ சூடு வைத்தோ கசிவை நிறுத்திவிடலாம். கல்லீரல் சுருக்க நோயில் உணவுக்குழாயின் இரத்த நாளங்கள் வீங்கி வெடித்திருந்தால் இன்னும் அவசரம். ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள், ஆன்டிபயாடிக்கும் தருவார்கள். ஆகவே குடிப்பழக்கம், மஞ்சள் காமாலை போன்றவற்றை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் பயந்துபோய்த் தாங்களாகவே அதை நிரந்தரமாக நிறுத்திவிடுவது ஆபத்து. எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் கதை வேறு. அவற்றை உடனே நிறுத்துங்கள்.

கசிவு நின்றதும், அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை மறந்துவிடுகிறோம். இரத்தம் கசியும் சமயத்தில் எடுத்த சோதனை கிருமி இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும். பிறகு மறுபடி பார்க்க வேண்டும். கிருமி இருந்து மருந்து சாப்பிட்டால், முடித்துக் குறைந்தது 4 வாரம் கழித்து அது ஒழிந்ததா என்று இன்னொரு சோதனையும் உண்டு.