பழைய மீன்தொட்டி வாங்கி ஒழுகாமல் செய்வது எப்படி?

"கொளத்தூர் போனா புதுசே கிடைக்குமே, எதுக்குப் பழசு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வெறும் கண்ணாடித் தொட்டி மட்டும் வேண்டுமென்றால் சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூருக்கே போய்விடுங்கள். ஸ்டாண்டு, மூடி, லைட், மோட்டார் எல்லாம் சேர்ந்து ஒரே விலையில் வரும்போதுதான் பழசில் லாபம். என்னுடைய 2 அடித் தொட்டி அப்படித்தான் வந்தது, 900 ரூபாய்க்கு. ஒழுகலும் சேர்த்து.

எங்கே தேடுவது

வீடு காலி செய்பவர்களிடம். மாதக் கடைசியிலும், பள்ளி லீவு விடும் ஏப்ரல், மே மாதங்களிலும் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கண் வைத்திருங்கள். லாரி வாசலில் நிற்கும்போது யாரும் பேரம் பேசமாட்டார்கள். ஓஎல்எக்ஸிலும் கிடைக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும் இருக்கிறது, ஆனால் அங்கே தண்ணீர் நிரப்பிப் பார்த்து வாங்க முடியாது. எனக்கு அது சரிப்படவில்லை.

பார்த்து வாங்குவது

மொபைல் டார்ச்சை அடித்து, இரண்டு கண்ணாடிகள் சேரும் இடுக்கைப் பாருங்கள். அங்கே நீளமாகக் காற்றுக்குமிழ்கள் தெரிந்தாலோ, கண்ணாடிகளை ஒட்டும் பசையான சிலிக்கான், கண்ணாடியை விட்டுப் பிரிந்து வெளுத்திருந்தாலோ வேண்டாம், விட்டுவிடுங்கள். உள்மூலையில் ஓடும் சிலிக்கான் மட்டும் உரிந்திருந்தால் பயமில்லை, அதை நாமே மாற்றிவிடலாம். 2 அடிக்குக் கண்ணாடி 5 மி.மீ. கனமாவது இருக்கட்டும். கல், மண் எல்லாம் எடுத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும், அதுவும் அடியில் கை கொடுத்து.

கறை

போர் தண்ணீர் ஊற்றிய தொட்டி என்றால் வெள்ளை உப்புக் கறை நிச்சயம். வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் ஒட்டிவைத்து, கண்ணாடி ஈரமாக இருக்கும்போதே பிளேடைச் சாய்த்துச் சுரண்டுங்கள். சோப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட் எதுவும் கூடாது.

ஒழுகலை அடைப்பது (நான் மூன்று முறை செய்த வேலை)

முதல் முறை, ஒழுகிய மூலையில் மட்டும் பழைய சிலிக்கான் மேலேயே புதுசைப் பூசினேன். மூன்றாம் நாள் ஹாலில் பாய் நனைந்தது. சரி, வெளிப்பக்கம் பூசுவோம் என்று பூசினேன். உள்ளிருந்து தள்ளும் தண்ணீர் அதையும் பிதுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கடைசியில் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரர்தான் சொன்னார்: "பழசு மேல புதுசு ஒட்டாது தம்பி. எல்லாத்தையும் உரிச்சுட்டு வா."

எல்லாத்தையும் என்றால் எல்லாத்தையும்தான். ஒரு மூலையை மட்டும் மாற்றினால், புதுசும் பழசும் சந்திக்கிற இடத்தில் மறுபடி ஒழுகும். உள்பக்கம் அடியிலும் நான்கு மூலையிலும் ஓடும் சிலிக்கான் முழுவதையும் பிளேடால் எடுங்கள். கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் சிலிக்கானுக்குள் மட்டும் பிளேடை விடாதீர்கள். தொட்டியைத் தாங்கி நிற்பதே அதுதான். எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும். விரலால் தேய்த்தால் ரப்பர் மாதிரி பிடிக்கும். அது போகும்வரை சுரண்டி, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எனக்கு இதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

சிலிக்கான் வாங்கும்போது, பூசினால் வினிகர் வாடை அடிக்கும் சாதாரண கண்ணாடி சிலிக்கானைக் கேளுங்கள். பாத்ரூமுக்கானது, பூஞ்சை பிடிக்காது என்று டியூபில் போட்டிருந்தால் தொடாதீர்கள். அந்தப் பூஞ்சைக்கொல்லி மீனையும் கொல்லும். சின்ன டியூபைப் பிதுக்கினால் ஒரே சீராக வராது. பெரிய டியூபும், அதை அழுத்தித் தள்ளும் கன்னும் வாங்கிவிடுங்கள்.

மூலைக்கு இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிக்கானை விட்டு, நனைத்த விரலால் ஒரே இழுப்பில் சமன் செய்யுங்கள். மேலே ஆடை கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். நான் ஆற அமர காபி குடித்துவிட்டு வந்து உரித்தேன், பாதி சிலிக்கான் டேப்போடு வந்தது. இந்த சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும் என்பதால் நம் ஊர்ப் புழுக்கம் இதற்கு நல்லதே. இருந்தாலும் வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சோதனை

சமதளமான தரை, மேலே தெர்மோகோல், அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் தொட்டி. முதல் நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முழுசு. காகிதம் நனையவில்லை என்றால் தப்பித்தீர்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 56 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 56 கிலோ. கூட வந்த ஸ்டாண்டின் கால்கள் துருப்பிடித்திருந்தால் அதை முதலில் கவனியுங்கள்.

மோட்டார், ஏர் பம்ப்

மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் தூக்கிப்போடாதீர்கள். முன்மூடியைக் கழற்றினால் காந்தத்தோடு ஒரு சின்ன விசிறி வரும். அதில் சுற்றியிருக்கும் முடியையும் பாசியையும் எடுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். வயர் வெடித்திருந்தால் மட்டும் யோசிக்காமல் காயலாங்கடைக்கு. தண்ணீருக்குள் கரண்டோடு விளையாட வேண்டாம். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், கரண்ட் போகும்போது டியூப் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும். ஹீட்டரை இலவசமாகக் கொடுத்தாலும் சென்னைக்குத் தேவையில்லை.

பின்சேர்க்கை: படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: எல்லாம் சரியாகச் செய்தும் ஒரே வாரத்தில் மீன்கள் ஏன் செத்தன? விசாரித்தால், ஓடிக்கொண்டிருந்த தொட்டியை வாங்கி வந்து, கூட வந்த ஸ்பான்ஜ் ஃபில்டரைப் பாத்திர சோப்பு போட்டுப் பளிச்சென்று கழுவியிருக்கிறார். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருப்பது அந்த அழுக்கில்தான். அது புதிதாக உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். ஓடும் தொட்டி கிடைத்தால் அந்த ஸ்பான்ஜை அதே தொட்டித் தண்ணீரில் போட்டு ஈரமாகக் கொண்டுவாருங்கள். நாள்கணக்கில் அப்படியே வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். அதனால் தொட்டி காயும் வாரம் முழுக்க ஒரு பக்கெட்டில் ஏர் பம்போடு ஓடட்டும், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் போதும். மெட்ரோ தண்ணீர் என்றால், குளோரின் போக ஆன்ட்டி குளோரின் விட்ட பிறகே ஸ்பான்ஜை உள்ளே வையுங்கள்.