பக்கத்துல இருக்குற அரசுப் பள்ளிகள எப்படி ஒப்பிட்டுப் பாக்குறது?

சுத்துவட்டாரத்துல மூணு நாலு அரசுப் பள்ளி இருந்தா எதுல சேக்குறதுன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் ரிசல்ட்ட பாருன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, மீதிப் பேர் "அந்த ஸ்கூலா, வேணவே வேணாம்"னு சொல்லுவாங்க, ஏன்னு கேட்டா பதில் இருக்காது, அவங்களுக்கும் யாரோ சொன்னதுதான். ரிசல்ட்ட பாக்கத்தான் வேணும், ஆனா பாக்குற விதம்னு ஒண்ணு இருக்கு.

அதுக்கு முன்னாடி, உங்க பிள்ளைக்கு எந்தெந்த ஸ்கூல்ல இடம் கெடைக்கும்னு உறுதி பண்ணிக்கோங்க. நிறைய ஊர்ல வீட்டு அட்ரஸ வச்சுதான் அட்மிஷன், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்தா வேற ஸ்கூல்னு ஆயிடும். வீட்டு புரோக்கர் சொல்றத நம்பாம கல்வி ஆபீஸ்லயே கேட்டுடுங்க. அந்த ஸ்கூல் எத்தனாவது வரைக்கும் இருக்கு, முடிச்ச பிள்ளைங்க அடுத்து எங்க போறாங்கன்னும் சேத்து கேளுங்க.

இப்ப ரிசல்ட்டுக்கு வருவோம். நூறு சதவீதம் தேர்ச்சின்னு போர்டு வச்சிருந்தா, யார்ல நூறுன்னு கேக்கணும். சும்மா ஒரு கணக்கு சொல்றேன். ஒரு ஸ்கூல்ல ஒன்பதாவதுல 40 பேர் இருந்தாங்க, பத்தாவது பரீட்சை எழுதுனது 31 பேர், 31 பேரும் பாஸ். இன்னொரு ஸ்கூல்ல 90 பேர் இருந்தாங்க, 88 பேர் எழுதி 82 பேர் பாஸ். போர்டுல மொதல் ஸ்கூல் 100, ரெண்டாவது 93. ஆனா ஒன்பதாவதுல இருந்தவங்கள வச்சுப் பாத்தா மொதல் ஸ்கூல் 77 சொச்சம், ரெண்டாவது 91! அந்த 9 பேர் எங்க போனாங்க? வீடு மாறிப் போயிருக்கலாம், படிப்ப விட்டிருக்கலாம், இவன் எழுதுனா ரிசல்ட் கெட்டுடும்னு டிசி குடுத்தும் அனுப்பியிருக்கலாம். நான் மொதல்ல கேக்கச் சொல்ற கேள்வி இதுதான், சேந்தவங்கள்ல எத்தன பேர் கடைசி வரைக்கும் இருந்தாங்க. சின்ன ஸ்கூலா இருந்தா ஒரு வருஷத்த மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, 12 பேர் எழுதுற எடத்துல ஒரு பிள்ள ஃபெயில் ஆனாலே எட்டு சதவீதம் எறங்கிடும், மூணு வருஷத்தயாவது சேத்துப் பாருங்க.

இன்னொரு சிக்கல், மார்க் நிறைய வர்றதுல ஸ்கூலோட பங்கு எவ்ளோ, வீட்டோட பங்கு எவ்ளோன்னு. 1966ல அமெரிக்காவுல ஜேம்ஸ் கோல்மன் தலைமையில வந்த அறிக்கையே, பள்ளிக்குப் பள்ளி இருக்குற வசதி வித்தியாசத்த விட வீட்டுச் சூழ்நிலதான் மார்க்க அதிகமா தீர்மானிக்குதுன்னு சொல்லுச்சு. வீட்டுல படிச்சவங்க, டியூஷன் வேற, அப்படிப்பட்ட பிள்ளைங்களா வந்து சேந்தா எந்த ஸ்கூலும் ஜொலிக்கத்தான் செய்யும். அதனால சேரும்போது எப்படி இருந்தாங்க, முடிக்கும்போது எங்க நிக்கிறாங்கன்னு பாக்கணும். இங்கிலாந்துல 2016ல இருந்து புரோகிரஸ் 8னு ஒரு அளவுகோல் வச்சு, ஒவ்வொரு ஸ்கூல் பிள்ளைங்களோட மார்க்கயும் ஆரம்பப் பள்ளி முடிக்கும்போது ஒரே அளவுல இருந்த பிள்ளைங்களோட ஒப்பிட்டு அளந்தாங்க. அங்கயே ஸ்கூல் ஸ்கூலா போய் ஆய்வு பண்ற ஆஃப்ஸ்டெட்ங்குற அரசு அமைப்பு, ஒரு ஸ்கூல ஒரே வார்த்தையில கிரேடு போடுற பழக்கத்த 2024ல அரசுப் பள்ளிகளுக்கு நிறுத்திடுச்சு. உங்க ஊர்ல இந்த மாதிரி முன்னேற்றக் கணக்கு வெளியிட்டா தேர்ச்சி சதவீதத்த விட அதுக்கு மதிப்பு குடுங்க. இந்தியாவுல இருந்தா கல்வி அமைச்சகத்தோட யூடைஸ் பிளஸ் (UDISE+) இணையதளத்துல ஒவ்வொரு ஸ்கூலுக்கும் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கட்டட வசதியெல்லாம் பாக்கலாம், ஸ்கூல்காரங்களே பூர்த்தி பண்ற விவரம்ங்குறத மனசுல வச்சுக்கிட்டு பாருங்க.

ஆசிரியர் விகிதம்னு போடுறதும் அப்படித்தான். 300 பிள்ளைங்க, 10 டீச்சர்னா 30க்கு ஒருத்தர்னு வரும், ஆனா அந்தப் பத்துல நீண்ட லீவுல இருக்குறவங்க, ஆபீஸ் வேலைக்குப் போனவங்க, பிடி சார் எல்லாரும் அடக்கம், வகுப்புல போய் எண்ணுனா 45 இருக்கும். உங்க பிள்ள சேரப் போற வகுப்புல எத்தன பேர், கணக்குக்கு நிரந்தர டீச்சர் இருக்காங்களா, இதக் கேளுங்க போதும். சின்னப் பிள்ளைங்களுக்கு வகுப்பு அளவு ரொம்ப முக்கியம், அமெரிக்காவோட டென்னஸி மாநிலத்துல 1985ல ஆரம்பிச்ச, வகுப்பு அளவப் பத்தின ஸ்டார் ஆய்வுல 13ல இருந்து 17 பேர் இருந்த வகுப்புப் பிள்ளைங்க, 22ல இருந்து 25 பேர் இருந்த வகுப்ப விட நல்லா படிச்சாங்க.

நேர்ல போகாம முடிவு பண்ணாதீங்க. விழா நாள்ல போகாதீங்க, சாதாரண நாள்ல அனுமதி வாங்கிட்டு போங்க. டாய்லெட்ட காலையில பாத்தா எல்லா ஸ்கூல்லயும் சுத்தமாத்தான் இருக்கும், மதியத்துக்கு மேல பாருங்க. லைப்ரரி பூட்டியிருக்கா, புக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போக விடுறாங்களா. எச்.எம்.கிட்ட ஒரே ஒரு கேள்வி, "வாசிக்கத் தடுமாறுற பிள்ளைய என்ன பண்ணுவீங்க?" எந்த டீச்சர், எந்த நேரம், எப்படின்னு சொன்னாங்கன்னா நல்ல அறிகுறி, "எங்க ஸ்கூல்ல அப்படி யாரும் இல்ல"ன்னு சொன்னா கும்பிட்டு வெளிய வந்துடுங்க. உங்க பிள்ளைக்கு கேக்குறதுலயோ நடக்குறதுலயோ சிரமம் இருந்தா சாய்வுப்பாதை, ஸ்பெஷல் டீச்சர் இதெல்லாம் கண்ணால பாத்துடணும், வாய்வார்த்த வேணாம்.

ஸ்கூல் விடுற நேரத்துல கேட்டுல நின்னு நாலு பெற்றோர்கிட்ட பேசுங்க. ஸ்கூல் எப்படின்னு கேட்டா நல்லாருக்குன்னு முடிச்சுடுவாங்க, போன தடவ ஒரு பிரச்சனைன்னு போனப்ப என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. முடிஞ்சா ஒரு சுமாரா படிக்கிற பிள்ளையோட நோட்ட வாங்கிப் பாருங்க, வெறும் டிக் மட்டும் இருக்கா, தப்ப எடுத்துக் காட்டி திரும்ப எழுத வச்சிருக்காங்களான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

எல்லாம் பாத்தும் ரெண்டு ஸ்கூல் சமமா நின்னா, கிட்ட இருக்குறதயே எடுங்க. அட்மிஷன் கடைசித் தேதிய மட்டும் ரெண்டு எடத்துலயும் எழுதி வாங்கிக்கோங்க, ஒண்ணுல இடம் நிரம்பிட்டா இன்னொண்ணுக்கு ஓட நேரம் வேணும்ல.